இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை: நம்ம ஊரை நாமே சுற்றிக் காட்டுவோம்

(முன்னாள் மாணவர் சங்கத்தின் மறுகூடல் நாளன்று ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"இருபது நிமிஷம்தான், அதுக்கு மேல போனா பிரியாணி ஆறிடும்" என்று செயலாளர் என் காதில் சொல்லியிருக்கிறார். நம் கல்லூரிப் பேச்சாளர்களைப் பற்றி அவருக்கு நல்ல அனுபவம். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நான் பேங்க்கில் முப்பத்தாறு வருஷம் வேலை பார்த்தவன். சரித்திரம் படித்தவன் இல்லை. அப்பா ஹார்பரில் டாலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்குகிற மூட்டையை எண்ணி எழுதுவது அவர் வேலை. இராயபுரத்தில் பிறந்து வளர்ந்தும், எங்கள் தெருவுக்கு ஒரு வரலாறு இருக்கிறது என்று ஐம்பது வயதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை. அதைத் தோன்ற வைத்தது அமெரிக்காவில் உள்ள பாஸ்டன் நகரம். சிரிக்காதீர்கள், உண்மை அதுதான்.

2008-இல் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். வேலைக்குப் போகிற வீட்டில் பகல் முழுக்க நாம் என்ன செய்வது? "அப்பா, ஃப்ரீடம் டிரெயில்னு ஒண்ணு இருக்கு, நடந்துட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டாள். பிளாட்பாரத்தில் செங்கல்லாலும் பெயின்ட்டாலும் ஒரு சிவப்புக் கோடு போட்டிருக்கிறார்கள். சுமார் இரண்டரை மைல். அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டே நடந்தால் சர்ச், இடுகாடு, பழைய சட்டசபை என்று 16 இடங்கள் வரும். 1951-இல் வில்லியம் ஸ்கோஃபீல்டு என்ற பத்திரிகைக்காரர் கொடுத்த யோசனையாம். முக்கோணத் தொப்பி, முழங்கால்வரை காலுறை போட்ட ஒரு வழிகாட்டிப் பையன் எங்களைக் கூட்டிக்கொண்டு போனான். நம்ம ஊர் நாடகக் கம்பெனி ராஜபார்ட் மாதிரி இருந்தான்.

1773 டிசம்பரில் பாஸ்டன் துறைமுகத்தில் 342 பெட்டி டீத்தூளைக் கடலில் கொட்டிய கதையைச் சொன்னான். வரி போட்டார்கள் என்ற கோபம். "யாருடைய டீ தெரியுமா? ஈஸ்ட் இந்தியா கம்பெனியுடையது" என்றான். எனக்குச் சுரீர் என்றது. அடப்பாவி, அது நம்ம கம்பெனியாச்சே! அதே கம்பெனி அதே காலத்தில், 1770-ஐ ஒட்டிய ஆண்டுகளில், இங்கே நம் பழைய வண்ணாரப்பேட்டை ஓரமாகக் கறுப்பர் நகரத்தைச் சுற்றி மதில் கட்டிக்கொண்டிருந்தது. செலவை ஊராரிடம் வரியாக வாங்கத் திட்டம். அந்த வரியின் பெயர்தான் வால்டாக்ஸ் ரோடு. மிச்சமிருந்த மதில் துண்டின் மேலேதான் மாடிப் பூங்கா. அந்தப் பூங்காவில் உட்கார்ந்து நான் பி.காம். பரீட்சைக்குப் படித்திருக்கிறேன். காலுக்குக் கீழே என்ன இருந்தது என்று தெரியாமலே படித்திருக்கிறேன்!

இன்னொன்றும் உண்டு. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்த எலிஹு யேல் பிறந்தது பாஸ்டனில், சம்பாதித்தது சென்னைக் கோட்டையில். 1687 முதல் 1692 வரை இங்கே கவர்னர்.

ஊர் திரும்பியதும் ஆரம்பித்துவிட்டேன். 2004-இலிருந்தே ஆகஸ்ட் மாதத்தில் மெட்ராஸ் தினம் கொண்டாடத் தொடங்கியிருந்தார்கள். காலம்சென்ற எஸ். முத்தையா அவர்களும் அவருடைய நண்பர்களும் முன்னின்று செய்தது. மயிலாப்பூரில் நடை, திருவல்லிக்கேணியில் நடை என்று பேப்பரில் வரும். நம்ம பக்கம் கொஞ்சம் குறைவு. "வட சென்னையில என்ன சார் பார்க்க இருக்கு?" என்று ஆபீஸில் ஒருவர் கேட்டார். அந்த வீம்பில் 2009 ஆகஸ்டில் பதினோரு பேரைச் சேர்த்துக்கொண்டு இராயபுரம் ஸ்டேஷன் வாசலில் நின்றேன்.

முதல் நாளே மூக்குடைந்தது. அந்தப் பெரிய தூண்களைக் காட்டி, "இந்தியாவின் முதல் ரயில்வே ஸ்டேஷன் இதுதான்" என்று முழங்கினேன். பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த பெரியவர், ரிடையர்டு பாயிண்ட்ஸ்மேன், கிளாஸைக் கீழே வைத்துவிட்டு வந்தார். "சார், கோச்சுக்காதீங்க. முதல் வண்டி 1853-ல பம்பாய்ல ஓடிச்சு, போரி பந்தர்ல இருந்து தாணாவுக்கு. அடுத்து கல்கத்தா பக்கம். நம்மளுது மூணாவது. 1856 ஜூலை 1, இங்கேருந்து வாலாஜா ரோடுக்கு. ஆனா அந்த ரெண்டு ஊர்லயும் முதல்ல கட்டின ஸ்டேஷன் இப்ப இல்ல. இது நிக்குது. நிக்கிறதுலயே பழசுன்னு சொல்லுங்க, அது போதும் நமக்கு."

பதினோரு பேர் முன்னால் எனக்கு எப்படி இருந்திருக்கும்! ஆனால் அவரை விடவில்லை. அன்று முழுக்க அவர்தான் கூட வந்தார். சென்ட்ரல் ஸ்டேஷன் வந்தது 1873-இல்தான், அதுவரை ரயில் ஏற இங்கேதான் வரவேண்டும் என்பதெல்லாம் அவர் சொல்லித் தெரிந்தது. அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு இடத்திலும் அந்த இடத்துக்காரர் ஒருவர் பேசவேண்டும். நான் வாட்ச்மேன் மாதிரி நேரம் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

பெயர்களைச் சொன்னால் மாணவர்கள் விழுந்து விழுந்து ரசிக்கிறார்கள். கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்று நம் பாட்டிமார் சொல்வது ஸ்டான்லியை. 1782 பஞ்சத்தில் மணியக்காரர் சத்திரத்தில் கஞ்சி ஊற்றிய இடம். அந்த வெள்ளைக்கார கவர்னர் பெயர் வந்தது 1930-களில். அதற்கு முன்னும் பின்னும் ஜனங்களுக்கு அது கஞ்சித் தொட்டிதான். இராயபுரம் இராயப்பர், அதாவது புனித பீட்டர் பெயரால் வந்தது. படகுத் தொழில் செய்த சமூகத்தார் தாங்கள் சேர்த்த பணத்தில் எழுப்பிய கோயில் அவருடையது. தண்டையார்பேட்டை, தொண்டியிலிருந்து வந்த குணங்குடி மஸ்தான் சாகிபால் என்பார்கள். காலடிப்பேட்டையை ஏதோ சாமியின் காலடி என்று நானே நினைத்திருந்தேன். 1717 முதல் 1720 வரை கவர்னராக இருந்த ஜோசப் காலெட் துரை நெசவாளர்களைக் குடியமர்த்திய காலெட்பேட்டை அது. இன்று மெட்ரோ ரயிலில் "காலடிப்பேட்டை" என்று அறிவிக்கும்போது துரை கல்லறையில் புரண்டு படுப்பார். பார்சிகளின் அக்கினிக் கோயில், 1910-இல் கட்டியது, ஒரு சந்து தள்ளி இருக்கிறது. 1949 செப்டம்பரில் திராவிட முன்னேற்றக் கழகம் தொடங்கப்பட்டபோது கூட்டம் நடந்த ராபின்சன் பூங்காவும் நடக்கிற தூரம்தான். "அவன் ஒரு எம்டன்" என்று சொல்கிறோமே, அந்த எம்டன் கப்பல் 1914 செப்டம்பர் 22 இரவு குண்டு போட்டு எண்ணெய் டாங்குகளைக் கொளுத்தியதும் நம் துறைமுகத்தில்தான்.

இதெல்லாம் சுகமான பகுதி. இந்த இடம்வரை வந்தவர்கள் சந்தோஷமாகப் போட்டோ பிடித்துக்கொள்வார்கள். அடுத்து கடற்கரைக்குக் கூட்டிப் போவேன். அங்கேதான் பேச்சு நின்றுவிடும்.

காசிமேட்டைத் தாண்டி, கருங்கல் கொட்டியிருக்கிற கரையில் நிறுத்திக் கடலைக் காட்டுவேன். "அதோ, அந்த அலை உடையுதே, அங்கே என் அம்மாவைப் பெற்ற பாட்டியின் வீடு இருந்தது" என்பேன். ஓட்டு வீடு, திண்ணை, பின்பக்கம் ஒரு பூவரசு. என் அம்மா அங்கேதான் பிறந்தார். அதற்கும் கிழக்கே ஒரு தெரு இருந்ததாகப் பாட்டி சொல்வார். கடல் கொண்டுபோய்விட்டது.

ஏன் கொண்டுபோனது? இதை வரைந்து காட்டினால் பள்ளிப் பிள்ளைக்கும் புரியும். நம் கிழக்குக் கரையில் அலை மணலைத் தள்ளிக்கொண்டே இருக்கும். தென்மேற்குப் பருவத்தில் வடக்கே, வடகிழக்குப் பருவத்தில் தெற்கே. வருஷக் கணக்குப் பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம். அந்த வழியில் 1875-இலிருந்து துறைமுகச் சுவர் கடலுக்குள் நீண்டது. அதற்கு முன் கப்பல்கள் தூரத்தில் நிற்கும். ஆணியே இல்லாமல் கயிற்றால் பலகை தைத்த மசூலாப் படகில்தான் ஆளும் சரக்கும் கரைக்கு வரும். 1881 நவம்பர் புயல் சுவரைப் பிய்த்துப் போட்டது. மறுபடி கட்டினார்கள். பிறகு சர் ஃபிரான்சிஸ் ஸ்பிரிங் காலத்தில் வாசலையே கிழக்கிலிருந்து வடகிழக்குக்கு மாற்றினார்கள். தெற்கிலிருந்து வந்த மணல் சுவருக்குத் தெற்கே நின்றுவிட்டது. கோட்டையருகே அலை அடித்த காலம் போய் மெரினா அகன்றுகொண்டே போனது. வடக்கே வரவேண்டிய மணல் வரவில்லை. அலை மட்டும் வந்தது. மணல் வராத கரையை அலை அரித்துக்கொண்டே போனது.

மெரினாவில் நீங்கள் சுண்டல் சாப்பிடுகிற மணலில் எங்கள் கரைக்கு வரவேண்டிய மணலும் கலந்திருக்கிறது. இதை நான் கோபமாகச் சொல்லவில்லை. துறைமுகம் இல்லாவிட்டால் என் அப்பாவுக்கு வேலை ஏது, எனக்கு இந்தக் கல்லூரி ஏது? அவர் கொண்டுவந்த சம்பளமும் பாட்டி வீட்டைத் தின்ற அலையும் ஒரே சுவரால் வந்தவை. இதை எந்தப் பக்கம் வரவு வைப்பது என்று, முப்பத்தாறு வருஷம் கணக்கு எழுதியும், எனக்கு இன்னும் தெரியவில்லை.

அதன் பிறகு வடக்கே. திருவொற்றியூரில் தியாகராசர் கோயில், சுந்தரர் சங்கிலியாருக்குச் சத்தியம் செய்த மகிழமரம், சோழர் காலத்தில் வடமொழி இலக்கணம் சொல்லிக் கொடுத்த மண்டபம் பற்றிய கல்வெட்டு, கடலோரம் பட்டினத்தார் சமாதி. இதைப் பற்றித் தமிழ்த்துறைப் பேராசிரியர் இருக்கும்போது நான் பேசுவது அதிகப்பிரசங்கம். என்ஃபீல்டு, அசோக் லேலண்டு, விம்கோ தீப்பெட்டிக் கம்பெனி என்று சங்கு ஊதினால் சைக்கிள் வெள்ளம் போகும் அந்த நாட்களை இங்கே இருக்கிற பாதிப் பேர் பார்த்திருக்கிறீர்கள்.

எண்ணூர்க் கழிமுகத்தில்தான் எனக்கு இரண்டாவது பாடம் கிடைத்தது. 2017 ஜனவரி 28-இல் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரை ஒதுங்கியதும், வாளியால் அள்ளினார்களே, அதற்குச் சில மாதங்கள் கழித்து ஒரு குழுவோடு போயிருந்தேன். 1970-இலிருந்து ஓடிய பழைய அனல்மின் நிலையம் அந்த ஆண்டுதான் மூடப்பட்டது. புகைபோக்கியைக் காட்டி நான் விளக்கிக்கொண்டிருந்தேன். பையன்கள், ஆற்றில் கழுத்தளவுத் தண்ணீரில் கையால் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்த பெண்களைச் செல்போனில் எடுக்க ஆரம்பித்தார்கள். ஒரு அம்மா கரையேறி வந்தார். "எடுக்கிறியா கண்ணு, எடு. எதுக்கு எடுக்கிறேன்னு சொல்லிட்டு எடு. போன மாசம் வந்தவங்களும் எடுத்தாங்க. அதுக்கு முந்தியும் எடுத்தாங்க. தண்ணி அப்படியேதான் இருக்கு."

யாருக்கும் பதில் வரவில்லை. எனக்கும் வரவில்லை. வீம்புக்குக் கூட்டம் சேர்த்து, இவர்களையும் ஸ்டேஷன் தூண் மாதிரி ஒரு காட்சிப் பொருளாக்கிவிட்டேனோ என்று இரவு தூக்கம் வரவில்லை. ஆறு மாதம் நடையை நிறுத்திவிட்டேன். திரும்பத் தொடங்கியபோது அந்த அம்மாவையே போய்க் கேட்டேன். இன்று எண்ணூர்ப் பகுதியை அவரும் அவர் மருமகளும்தான் நடத்துகிறார்கள். வருகிறவர்கள் தரும் கட்டணத்தில் அந்தப் பங்கு அவர்களுக்கு. சாம்பல் கலந்த தண்ணீர் எப்படி இருக்கும், எந்த மீன் போச்சு, எந்த மீன் இன்னும் வருது என்று அவர்கள் சொல்வதற்கு மேல் நான் என்ன சொல்ல? 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மறுபடி எண்ணெய் வந்து படகெல்லாம் கறுத்தபோது, முன்பு நடைக்கு வந்திருந்த நான்கு மாணவர்கள் தாங்களாகவே அவர் வீட்டைத் தேடிப் போனார்கள். நான் சொல்லி அனுப்பவில்லை.

இப்போது நான் கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். எனக்கு அறுபத்தேழு வயது, முட்டி வலி. இந்தக் கல்லூரியில் படிக்கிற பிள்ளைகளில் பாதிப் பேர் காசிமேடு, கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர், எர்ணாவூர்க்காரர்கள். முக்கோணத் தொப்பி எல்லாம் வேண்டாம். எனக்கு எட்டுப் பேர் வேண்டும். உங்கள் தாத்தா பாட்டி சொன்னதை எழுதிக்கொண்டு வாருங்கள், புத்தகத்தோடு ஒத்துப் பார்க்க நான் உதவுகிறேன். ஒத்துப் போகாததை "இப்படிச் சொல்கிறார்கள்" என்றே சொல்வோம். பழைய மாணவர்கள் ஒரு மைக், இருபது குடை வாங்கிக் கொடுத்தால் போதும். குடை ஏன் என்று ஏப்ரலில் கருங்கல் கரையில் நின்று பாருங்கள், தெரியும்.

அடுத்த மாதம் இரண்டாம் ஞாயிறு, காலை ஆறு மணி, இராயபுரம் ஸ்டேஷன் வாசல். தண்ணீர் பாட்டில் கொண்டு வாருங்கள், வழுக்காத செருப்பாகப் போட்டுக்கொள்ளுங்கள். பாயிண்ட்ஸ்மேன் ஐயா இப்போது இல்லை. அவருடைய பேரன் வருவதாகச் சொல்லியிருக்கிறான். டீ என் செலவு.