இந்த வயதிலும் படிக்கலாம்
(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



"இந்த வயசில இனி என்ன மண்டையில ஏறப்போகுது?" எமது சங்கத்தின் மூத்தவர்கள் பலர் இப்படிச் சொல்வதுண்டு. வைத்தியத்துறையில் இருக்கும் பழைய மாணவிகளாகிய நாங்கள் அதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.

வயது ஏற மூளையின் வேகம் குறையும். கற்கும் ஆற்றல் அற்றுப்போவதில்லை. அமெரிக்காவில் 65 வயதும் அதற்கு மேலுமான 2,832 பேரைக் கொண்டு நடத்திய 'அக்டிவ்' ஆய்வின் முதல் முடிவுகள் 2002 இல் வெளிவந்தன. ஞாபகம், தர்க்கச் சிந்தனை, வேகம் என மூன்று குழுக்களுக்கு மூன்று பயிற்சிகள். ஐந்தாறு வாரங்களில் பத்து வகுப்புகள்தான். தர்க்கத்திலும் வேகத்திலும் கிடைத்த பயன் பத்து ஆண்டுகளின் பின்னரும் தெரிந்தது.

ஆனால் ஒவ்வொரு குழுவும் தான் பயின்ற திறனில் மட்டுமே முன்னேறியது. ஆகவே, கைத்தொலைபேசி விளையாட்டு ஒன்று முழு மூளையையும் கூர்மையாக்கும் என்ற விளம்பரங்களை நம்பிக் காசைச் செலவழிக்க வேண்டாம்.

அமெரிக்காவின் டல்லஸ் நகரில் நடந்து 2014 இல் வெளியான இன்னோர் ஆய்வில், 60 முதல் 90 வயதினர் மூன்று மாதம் டிஜிட்டல் புகைப்படக்கலை பயின்றனர். கூடிக் கதைத்துப் பொழுது போக்கியவர்களைவிட அவர்களின் ஞாபகம் மேம்பட்டது. புதியதாகவும் சற்றுக் கடினமாகவும் இருப்பதே மூளைக்கு வேலை கொடுக்கிறது.

எனவே அம்மாவுக்கு எது தேவையோ, அதையே படிப்பிப்போம். வீடியோ அழைப்பு எடுக்கவோ வங்கி அட்டை பாவிக்கவோ அவர் தடுமாறும்போது, "தாங்கோ, நான் செய்துவிடுறன்" என்று பறிக்காமல், அவரது விரலாலேயே செய்ய விடுவோம். ஒரு நாளைக்கு ஒரு படி போதும். மறுநாள் அதையே திரும்பச் செய்யட்டும். வெளிநாட்டிலிருந்து பேசும் சகோதரிகளும் இதைப் பொறுமையோடு செய்யலாம்.

அதற்கு முன் காதையும் கண்ணையும் பரிசோதியுங்கள். கவனிக்கப்படாத செவிப்புலன், பார்வைக் குறைபாடுகள் மறதி நோய்க்கான ஆபத்தைக் கூட்டுபவை. பழகிய பாதை தவறுவதும், நாளாந்தம் சமைத்த கறியின் முறை மறப்பதும் வெறும் வயதின் மறதி அல்ல. தாமதிக்காமல் வைத்தியரிடம் கூட்டிச் செல்லுங்கள்.

சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். மாதம் ஒரு சனிக்கிழமை, இதே வகுப்பறைகளில் எமது மூத்தவர்கள் வாங்கில் அமரட்டும். இன்றைய மாணவிகள் படிப்பிக்கட்டும். இரண்டாவது நூற்றாண்டை அப்படித் தொடங்குவோம்.