நாணமும் நோயும்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவது வழக்கம். இசை பேசுவதும் உண்டு. நாம் இன்று பேசப் புகுவதோ, பலரும் காதோடு காதாகக் கூறவும் கூசும் ஒரு பொருள். பெருங்குடல், மலக்குடல், ஆசனவாய் ஆகிய உறுப்புகளுக்கு உற்ற நோயை அறுவையால் தீர்க்கும் மருத்துவரின் கல்வியும் பணியுமே அது. முகம் சுளிக்க வேண்டா. அவர் எத்துணை ஆண்டு பயின்றவராயினும், நோயுற்றவர் வாய் திறந்தால் அன்றோ அவர் கல்வி பயன்படும்?

இந்நோய்கள் நமக்குப் புதியன அல்ல. மூலம், பவுத்திரம் என்னும் பெயர்கள் நம் பாட்டிமார் அறிந்தவை. பவுத்திரத்திற்குக் காரமருந்து ஊட்டிய நூலைக் கட்டும் முறையைச் சுசுருதர் நூல் கூறுகிறது. 1835ஆம் ஆண்டில் சென்னையில் ஒரு மருத்துவப் பள்ளி தோன்றியது. அதுவே பின்னர்ச் சென்னை மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது. அதே 1835இல் இலண்டன் மாநகரில் பிரடெரிக் சால்மன் என்பார், மலக்குடல் நோயால் வருந்தும் ஏழைகளுக்கென்றே ஏழு படுக்கைகளுடன் ஒரு சிறு மருத்துவ இல்லத்தைத் திறந்தார். செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனை என்று இன்று உலகம் அறிந்திருப்பது அதுவே.

இத்துறை மருத்துவர் ஆவதற்கு வேண்டும் காலத்தை எண்ணிப் பாருங்கள். நம் நாட்டில் மருத்துவப் பட்டத்திற்கு, மருத்துவமனைப் பயிற்சி ஓராண்டும் சேர்த்து, ஐந்தரை ஆண்டு. பொது அறுவையில் எம்.எஸ். பட்டம் பெற மூன்றாண்டு. குடல் அறுவையிலோ புற்றுநோய் அறுவையிலோ எம்.சிஎச். என்னும் உயர்பட்டம் பெற மேலும் மூன்றாண்டு. ஆகப் பதினொன்றரை ஆண்டு. அதன் பின்னும் தேர்ந்த ஆசிரியர் ஒருவரின் அருகில் நின்று கைப்பழக்கம் பெறுவோர் உளர்.

இத்துணைப் பயிற்சி எதற்கு? மலக்குடலின் நீளம் ஏறத்தாழ 15 சென்டிமீட்டரே. ஆயின் அது இடுப்பெலும்புக் கூட்டின் குறுகிய பள்ளத்துள் கிடக்கிறது. சிறுநீரையும் இல்லற வாழ்வையும் ஆளும் நரம்புகள் அதனை ஒட்டியே ஓடுகின்றன. அதன் கீழே மலத்தை அடக்கும் தசை இருக்கிறது. நோயை முற்றும் நீக்கவேண்டும். இவற்றையும் கூடிய மட்டும் காக்கவேண்டும். 1908இல் எர்னஸ்ட் மைல்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர், வயிற்றின் வழியும் கீழ்வழியும் அறுத்து மலக்குடலை அடியோடு நீக்கும் முறையை வகுத்துரைத்தார். உயிர் பிழைத்தவர்கள் வயிற்றில் அமைத்த வாயின் வழியே வாழ்நாள் முழுதும் மலம் கழிக்க நேர்ந்தது. மலக்குடலைச் சூழ்ந்த கொழுப்பை அதன் மெல்லுறை கிழியாமல் முழுமையாக எடுத்தால் நோய் திரும்புவது பெரிதும் குறையும் என்று 1982இல் பில் ஹீல்டும் அவர் தோழர்களும் எழுதினர். இம்முறையாலும், குடலை இணைக்கும் கருவிகளாலும், கதிர் மருத்துவத்தாலும் இன்று பலருக்கு இயற்கை வழியே காக்கப்படுகிறது. வயிற்றில் வாய் அமைத்தே தீரவேண்டியவர்களும் பையணிந்து வேலைக்குச் செல்கின்றனர். திருமண வீடுகளுக்கும் செல்கின்றனர். அவர்களைக் கண்டு ஒதுங்குவது நம் பண்பாடு ஆகாது.

வறுமை இக்கல்விக்குத் தடை என்று நம் இளைஞர் மயங்க வேண்டா. நாமக்கல் பகுதியில் எளிய குடும்பத்தில் பிறந்து, இளமையில் மலேசியாவில் கூலி வேலை செய்து, பின் தாயகம் திரும்பிப் படித்தவர் டாக்டர் சி. பழனிவேலு. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற அவர், சிறு துளை வழியே குடல் அறுவை செய்யும் முறையில் பெயர் பெற்றுக் கோவையில் ஜெம் மருத்துவமனையை நிறுவினார். பிழைக்க வெளியூர் வந்த குடும்பங்களுக்கு இவர் வரலாறு ஊக்கம் தருவதாகும்.

ஆயினும் கைதேர்ந்த மருத்துவரும் காலம் கடந்து வந்த நோயின்முன் செய்வதற்குச் சிறிதே உண்டு. புதுக்கோட்டையில் பிறந்து, 1912இல் மருத்துவப் பட்டம் பெற்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் தம் தங்கையை மலக்குடல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அந்நோய் முதலில் சீதபேதி என்றே கருதப்பட்டது. உண்மை தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. மருத்துவரின் வீட்டிலேயே இவ்வாறு நேர்ந்தது என்பதை நாம் எண்ண வேண்டும். அத்துயரத்தினின்று பிறந்த உறுதியே 1954இல் 12 படுக்கைகளுடன் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையாக உருப்பெற்றது. அம்மையாரின் மைந்தர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அங்கே அறுவை மருத்துவராகப் பணி ஏற்றார். 1955இல் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021இல் மறையும் வரை அதற்கே உழைத்தார்.

இனி நம் காட்கோபருக்கு வருவோம். சாலிலும் காலனியிலும் ஒரே அறையில் ஐவரும் அறுவரும் வாழ்கிறோம். பொதுக் கழிப்பிடத்தில் வரிசையில் நிற்கிறோம். மலத்தில் குருதி கண்டால் யாரிடம் சொல்வது? தாய் மகனிடம் சொல்ல நாணுகிறாள். மாமனார் மருமகளிடம் சொல்ல நாணுகிறார். "மூலச்சூடு, மோர் குடித்தால் தணியும்" என்று மாதங்கள் கழிகின்றன. பெரும்பாலும் அது மூலமாகவே இருக்கலாம். ஆனால் அதனைத் தீர்மானிக்க வேண்டியவர் மருத்துவர். கையுறை அணிந்த விரலால் செய்யும் சிறு சோதனையே மலக்குடலின் கீழ்ப்பகுதியில் உள்ள பல கட்டிகளை உணர்த்திவிடும். மேலே உள்ளவற்றைக் குழாய்க் கருவி காட்டும். புற்றாக மாறக்கூடிய சிறு சதைமொட்டுகளை அக்கருவியாலேயே பல வேளை நீக்கிவிடலாம். வயிற்றைக் கிழிக்க வேண்டுவதில்லை.

குருதிப் போக்கு, சில வாரம் நீடிக்கும் மலப்பழக்க மாற்றம், காரணமின்றி உடல் மெலிதல், சோகை ஆகியவை கண்டால் நாள் கடத்தாதீர்கள். இங்கேயே ராஜாவாடி மருத்துவமனை இருக்கிறது. மெதுவண்டி ஏறினால் மூன்றாம் நிலையம் சயான். அங்கும் மாநகராட்சி மருத்துவமனை உண்டு. ஆறாம் நிலையம் பரேல். அங்கே 1941இல் திறக்கப்பெற்ற டாடா நினைவு மருத்துவமனை நிற்கிறது. அது அமைந்த சாலைக்கே, அங்கு அறுவை மருத்துவராகத் தொண்டாற்றிய டாக்டர் எர்னஸ்ட் போர்ஜஸ் பெயர் சூட்டப்பெற்றுள்ளது.

இன்றிரவு வீடு சென்றதும் பெரியவர்களை அருகில் அமர்த்தி, "உடம்புக்கு ஏதேனும் உண்டா? மறைக்காமல் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். அவர்கள் சொன்னால், மறுநாளே உடன் செல்லுங்கள். இவ்வேண்டுகோளுடன் அமைகிறோம்.