சாயங்காலம் தட்டைத் தடவிய பிள்ளை

(போச்சம்பள்ளி அருகே சேரித் தாய்மார்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



1984ல் என் தம்பிக்கு மூணு வயசு. பொழுது சாய்ஞ்சா கஞ்சித் தட்டைக் கையால் தடவித் தேடுவான். வாசற்படியில் இடறி விழுவான். ‘கண்ணு எங்க இருக்கு உனக்கு’ன்னு அம்மா முதுகில் ஒண்ணு வைப்பாள். அது மாலைக்கண் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. அந்தக் கோடையில் மணல்வாரி அம்மை போட்டது. பத்தியம் என்று வெறும் கஞ்சித் தண்ணி. நாலாம் நாள் கண் திறந்தபோது ஒரு கருவிழி பாலாடை படிந்த மாதிரி வெளுத்துக் கிடந்தது. ஆஸ்பத்திரியில் அம்மாவைத்தான் திட்டினார்கள்: ‘கீரை குடுக்கக்கூடவா தெரியாது?’ பேசாமல் நின்றாள். அவளுக்குப் பதிலாக நான் இன்றைக்குச் சொல்கிறேன்.

குடுத்தாள். முருங்கை எங்கள் வாசலிலேயே நின்றது. ஆனால் கீரையில் இருப்பது உடம்பில் வைட்டமின் ஏ ஆக மாற வேண்டும்; அதற்குக் கூடவே கொஞ்சம் எண்ணெய் வேண்டும். வயிற்றில் பூச்சியும் பேதியும் இருந்தால் உள்ளே போனதும் நிற்காது. எண்ணெய்க்குக் கூலி வேண்டாமா? சந்தூர்ப் பக்கம் மாந்தோப்பைப் பாருங்கள். மாம்பழ மஞ்சளும் அதே சத்துதான். பறிப்பதும் சுமப்பதும் நம் சனம். கூழாகி, டப்பாவில் அடைபட்டு, அது கப்பலேறுகிறது.

இன்னொன்று. சுவரில் ஒட்டும் படங்களில் கேரட் இருக்கும், பால் இருக்கும், பப்பாளி இருக்கும். மாட்டு ஈரல் இருக்காது. 100 கிராம் மாட்டு ஈரலில் ஒரு சின்னப் பிள்ளைக்கு ஒரு வாரத்துக்கு மேல் போதுமான வைட்டமின் ஏ இருக்கிறது. உடம்பு அதை மாற்றிக்கொள்ளும் வேலைகூட இல்லை, அப்படியே சேரும். நம் பாட்டிமார் மாலைக்கண்ணுக்கு ஈரலைத்தான் சுட்டுக் கொடுத்தார்கள். எந்தச் சாப்பாட்டைக் காட்டி நம்மை இழிவுபடுத்தினார்களோ, அதில்தான் இந்த மருந்து இருந்தது. நாமும் வெட்கப்பட்டு அதை மறைத்துச் சமைக்கப் பழகிவிட்டோம். (கர்ப்பிணிகள் மட்டும் ஈரலை அதிகம் சாப்பிட வேண்டாம்.)

சொட்டு மருந்து இல்லாமலா இருந்தது? 1970லேயே மத்திய அரசு ஆரம்பித்த திட்டம். ஆனால் எங்கள் பக்கம் அதை ஊற்றிய இடம் ஊர்த்தெருக் கோயில் திண்ணை. நாங்கள் அதில் ஏற முடியாது. நர்ஸம்மா சேரிக்குள் இறங்கவில்லை. என் தம்பியின் கண்ணுக்கும் மருந்துக்கும் நடுவில் இருந்தது ஒரு தெரு.

கண்ணோடு போகிற விஷயமும் இல்லை இது. திருச்சி மாவட்டத்தில் 15,419 குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு நடத்தினார்கள். முடிவு 1990ல் வெளிவந்தது. வாராவாரம் கொஞ்சமாக வைட்டமின் ஏ பெற்ற பிள்ளைகளிடையே சாவு பாதிக்கு மேல் குறைந்திருந்தது. தட்டம்மை தடுப்பூசியும் சொட்டு மருந்தும் வந்தபின் கண் போவது வெகுவாகக் குறைந்திருப்பது உண்மை. மறுக்கவில்லை. ஆனால் கடைசியாகப் போய்ச் சேருவது யார் வீட்டுக்கு?

அதனால் பிள்ளைகளைக் கவனியுங்கள். இருட்டியதும் தடுமாறுகிறதா? வெள்ளை விழி பளபளப்பு இல்லாமல் வறண்டிருக்கிறதா? அதன்மேல் சோப்பு நுரை மாதிரிப் புள்ளி தெரிகிறதா? அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள். கருவிழி தொட்டுவிட்டால் சில நாளில் உருகிவிடும். அங்கே அன்றைக்கு ஒரு வேளை, மறுநாள் ஒரு வேளை, இரண்டு வாரம் கழித்து ஒரு வேளை மருந்து கொடுக்க வேண்டும். கேட்டு வாங்குங்கள். நல்லா இருக்கிற பிள்ளைக்கும் ஒன்பதாம் மாதம் தட்டம்மை ஊசியோடு 1 லட்சம் யூனிட், அப்புறம் ஐந்து வயசு வரை ஆறு மாதத்துக்கு ஒரு தடவை 2 லட்சம் யூனிட். காசு கிடையாது. சீம்பாலைப் பீய்ச்சிக் கீழே ஊற்றாதீர்கள். அம்மை போட்டிருந்தாலும் சாப்பாட்டைக் குறைக்காதீர்கள்.

2004 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது: தலித், பழங்குடிக் குடியிருப்பு ஒவ்வொன்றிலும் அங்கன்வாடி வேண்டும். நம் தெருவில் இன்னும் இல்லை. மனு அந்த மேசைமேல் இருக்கிறது. கையெழுத்தோ கைநாட்டோ, போட்டுவிட்டுப் போங்கள். அம்மாதான் முதல் கைநாட்டு.