கட்டளையிட்ட நாளும் கையளிக்கும் நாளும்

கடைக்குச் சென்று, விலை கேட்டு, பணத்தைக் கொடுத்துப் பொருளைக் கையிற் பெற்றுத் திரும்புபவருக்கு வரியைப் பற்றிய ஐயம் எழுவதில்லை. அன்று எந்த வீதம் நடைமுறையில் உள்ளதோ அந்த வீதப்படி அவர் வரி செலுத்துகிறார். அத்துடன் கொடுக்கல் வாங்கல் முடிந்துவிடுகிறது. ஆனால் எல்லாப் பொருள்களும் இவ்வாறு வாங்கப்படுவதில்லை. மகளின் திருமணத்துக்கென அலுமாரியும் கட்டிலும் செய்விப்பவர் இரண்டு மாதம் முன்னரே சொல்லிவைக்கிறார். புது வீட்டுக்குக் கதவு, யன்னல் வேண்டுவோரும், தொழிற்சாலைக்கு இயந்திரம் தருவிப்போரும் முற்பணம் கொடுத்துக் காத்திருக்கின்றனர். கட்டளையிட்ட நாளுக்கும் பொருள் கைக்கு வரும் நாளுக்கும் இடையில் அரசாங்கம் வரி வீதத்தை மாற்றிவிட்டால் நிலை யாது? பழைய வரியா, புதிய வரியா? மேலதிகப் பணத்தைக் கொடுக்க வேண்டியவர் யார்?

இலங்கை மக்களுக்கு இது வெறுங் கற்பனை அன்று. 2002 ஆம் ஆண்டு ஆவணி மாதம் முதலாந் திகதி நடைமுறைக்கு வந்த பெறுமதி சேர் வரி, அதன் பின்னர் பல தடவை மாறியிருக்கிறது. 2019 மார்கழியில் அது 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைந்தது. 2022 ஆனி முதலாந் திகதி 12 வீதமாகவும், அதே ஆண்டு புரட்டாதி முதலாந் திகதி 15 வீதமாகவும், 2024 தை முதலாந் திகதி 18 வீதமாகவும் உயர்ந்தது. 2016 ஆம் ஆண்டின் வரலாறு இன்னும் விந்தையானது. வைகாசி 2 ஆந் திகதி 11 வீதம் 15 ஆக உயர்த்தப்பட்டது. ஆடி மாதத்தில் உயர் நீதிமன்றம் அதனை இடைநிறுத்தியது. கார்த்திகை முதலாந் திகதி மீண்டும் 15 வீதம் நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டு சித்திரையில் கட்டளையிட்ட ஒரு பொருள் எந்த மாதத்தில் வந்து சேர்ந்தது என்பதைப் பொறுத்து அதன் வரியும் வேறுபடக்கூடியதாய் இருந்தது.

இனி, ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு இதனை ஆராயலாம். 2023 மார்கழியில் ஒருவர் 200,000 ரூபா பெறுமதியான தளபாடங்களுக்குக் கட்டளை கொடுத்தார் என்று வைத்துக்கொள்க. 15 வீத வரி 30,000 ரூபா. மொத்தம் 230,000 ரூபா. தளபாடங்கள் தை மாதத்தில் வந்தன. அப்போது 18 வீதப்படி வரி 36,000 ரூபா. மொத்தம் 236,000 ரூபா. இடையில் நிற்பது 6,000 ரூபா. மாதச் சம்பளத்தில் வாழும் குடும்பத்துக்கு இது சிறு தொகை அன்று. சிறிய இலாபத்தில் வியாபாரம் நடத்துபவருக்கும் அவ்வாறே.

இவ்விடத்தில் இரண்டு கேள்விகளைப் பிரித்து நோக்குதல் வேண்டும். முதலாவது, அரசாங்கத்துக்குச் சேர வேண்டிய வரி எவ்வளவு என்பது. இரண்டாவது, அந்த வரியின் சுமை வாங்குபவர் மீது விழுகிறதா, விற்பவர் மீது விழுகிறதா என்பது. முதற் கேள்விக்குச் சட்டம் விடை தருகிறது. இரண்டாவது கேள்விக்குப் பெரும்பாலும் இருவரும் செய்துகொண்ட உடன்படிக்கையே விடை தருகிறது. சச்சரவுகள் பல இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்புவதனாலேயே உண்டாகின்றன.

2002 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கப் பெறுமதி சேர் வரிச் சட்டம், பொருள் எப்போது வழங்கப்பட்டதாகக் கொள்ளப்படும் என்பதை வரையறுக்கிறது. விற்பவர் விலைப்பட்டியல் வழங்குதல், முற்பணம் உட்படப் பணம் பெறுதல், பணம் செலுத்த வேண்டிய தவணை வருதல், பொருளைக் கையளித்தல் ஆகியவற்றுள் எது முந்தி நிகழ்கிறதோ அதுவே வழங்கற் காலமாகும். இதில் ஒன்றைக் கூர்ந்து கவனித்தல் வேண்டும். கட்டளையிட்ட நாள் இந்த நிரலில் இல்லை. வாயாற் சொல்லிவைத்ததும், கட்டளைத் தாளிற் கையொப்பமிட்டதும் பழைய வரியைக் காப்பாற்றித் தரமாட்டா. மார்கழியில் முழுத் தொகைக்கும் விலைப்பட்டியல் பெற்று, முழுப் பணத்தையும் செலுத்தியவர் பழைய வீதத்துக்கு உரியவர். வெறுமனே கட்டளையிட்டுவிட்டுத் தை மாதத்தில் பணம் கொடுத்துப் பொருளைப் பெற்றவர் புதிய வீதத்துக்கு உரியவர்.

ஒரு பகுதியை மட்டும் முற்பணமாகக் கொடுத்தவரின் நிலை எத்தகையது? பிரித்தானியச் சட்டம் இதனைத் தெளிவாக எடுத்துரைக்கிறது. அங்கு 2011 தை 4 ஆந் திகதி வரி 17.5 வீதத்திலிருந்து 20 வீதமாக உயர்ந்தது. அதற்கு முன்னர் பெறப்பட்ட முற்பணத்துக்கு, அதன் அளவுக்கு மட்டும், பழைய வீதமும், பின்னர் கையளித்துப் பெறப்பட்ட மீதிக்குப் புதிய வீதமும் சாரும்.

யப்பானியர் கைக்கொண்ட முறை வேறு. அங்கு 2014 சித்திரை முதலாந் திகதி நுகர்வு வரி 5 வீதத்திலிருந்து 8 வீதமாயிற்று. கட்டட வேலைகள் முடிய நெடுங்காலம் செல்லும் என்பதை உணர்ந்த அரசாங்கம், 2013 ஐப்பசி முதலாந் திகதிக்கு முன்னர் செய்யப்பட்ட கட்டட ஒப்பந்தங்களுக்கு, வீடு பின்னர் கையளிக்கப்பட்டாலும், பழைய வீதமே பொருந்தும் என விதித்தது. 2019 இல் வரி 10 வீதமானபோதும் இத்தகைய ஏற்பாடு செய்யப்பட்டது. இவ்வாறு சட்டமே சலுகை தந்தாலன்றி, ஒப்பந்த நாள் வாங்குபவருக்குத் துணை நிற்பதில்லை.

அடுத்து, சுமை யாருடையது என்ற கேள்வி. விலைக்கூறலில் ‘வரி நீங்கலாக 200,000 ரூபா’ என்று எழுதியிருந்தால், வரி எதுவாயினும் வாங்குபவரே கொடுத்தல் வேண்டும். ‘வரி உட்பட 230,000 ரூபா’ என்று மட்டும் எழுதி, வரி மாறினால் விலையும் மாறும் எனக் குறிப்பிடாதிருந்தால், விற்பவர் அந்தத் தொகைக்குட் கட்டுண்டவர் என்று வாங்குபவர் வாதிடலாம். அந்நிலையில் 18 வீத வரியாக ஏறத்தாழ 35,085 ரூபாவை அரசாங்கத்துக்குச் செலுத்தியபின் விற்பவருக்கு எஞ்சுவது ஏறத்தாழ 194,915 ரூபா மட்டுமே. ஐயாயிரம் ரூபாவுக்கு மேல் அவர் கையிலிருந்து போய்விடும்.

இந்தப் பிணக்கு புதியதும் அன்று. 1901 ஆம் ஆண்டில் பிரித்தானிய அரசாங்கம் தென்னாபிரிக்கப் போர்ச் செலவை ஈடுசெய்யச் சீனிக்குத் தீர்வை விதித்தபோது, தீர்வை விதிக்கப்படுமுன் செய்யப்பட்ட ஒப்பந்தங்களில் விற்பவர் அதனை விலையுடன் சேர்த்துக்கொள்ளலாம் என அவ்வாண்டின் நிதிச் சட்டம் இடமளித்தது. தீர்வை குறைந்தால் வாங்குபவர் அதனைக் கழித்துக்கொள்ளவும் இடமளித்தது. இந்தியாவின் 1930 ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டத்தின் 64அ பிரிவும் இதே நீதியைக் கூறுகிறது. இரு சட்டங்களிலும், உடன்படிக்கை வேறுவிதமாகக் கூறினால் உடன்படிக்கையே மேலோங்கும்.

வரி குறையும்போது இலாபம் யாருக்கு என்பதும் இதே வகையான கேள்வியே. 2025 இல் இந்தியாவில் சிறிய மோட்டார் வண்டிகளின் வரி குறைக்கப்படவிருப்பது தெரியவந்ததும், புதிய வீதம் நடைமுறைக்கு வந்த புரட்டாதி 22 ஆந் திகதி வரை வாங்குவோர் பலர் காத்திருந்தனர். பொருள் பெறுமுன் முழுப் பணத்தையும் செலுத்துவது வரி ஏறும் காலத்தில் நன்மையாகவும், இறங்கும் காலத்தில் தீமையாகவும் முடியக்கூடும்.

ஆதலால், பொருளுக்குக் கட்டளையிடுவோர் சில செய்திகளில் விழிப்பாக இருத்தல் நன்று. விற்பவர் பெறுமதி சேர் வரிக்குப் பதிவு செய்தவரா என்று முதலில் அறிதல் வேண்டும். பதிவு செய்யாதவர் அந்த வரியைத் தனியே அறவிட உரிமையற்றவர். விலை வரி உட்பட்டதா, நீங்கலானதா என்பதை எழுத்திற் பெறுதல் வேண்டும். கையளிக்குமுன் வரி கூடினால் அல்லது குறைந்தால் யார் பொறுப்பு என்பதற்கு ஒரு வரி எழுதிக்கொள்ளுதல் வேண்டும். விற்பவரின் தாமதத்தாற் புதிய வரி வந்து சேர்ந்தால் அதனை அவரே ஏற்க வேண்டும் என்றும் அதில் எழுதலாம். கொடுத்த முற்பணத்துக்குத் திகதியிட்ட பற்றுச்சீட்டு பெறாமல் வருதல் கூடாது. பழைய வரியைக் காட்டுவதற்காகப் பின்திகதியிட்டு விலைப்பட்டியல் எழுதும்படி கேட்பதும், எழுதிக் கொடுப்பதும் குற்றமாகும்.

வரி வீதத்தை நிர்ணயிப்பது வாங்குபவர் கையிலும் இல்லை, விற்பவர் கையிலும் இல்லை. ஆனால் அது மாறும்போது தம்முள் எவ்வாறு நடந்துகொள்வது என்பதை முன்கூட்டியே பேசித் தீர்ப்பது இருவர் கையிலும் உண்டு. கட்டளையிடும் அன்று எழுதப்படும் ஒரு வரி, கையளிக்கும் அன்று எழக்கூடிய பெரும் மனத்தாங்கலைத் தவிர்த்துவிடும்.