விடையும் துணையும்

வீட்டுப்பாடத்தில் ஐயம் கேட்கும் மாணவருக்கு எந்த அளவுக்கு உதவலாம் என்பதை ஆராய்வோர், 1934இல் மறைந்த சோவியத் உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கியின் 'அண்மை வளர்ச்சி மண்டலம்' என்னும் கருத்தை, அதாவது ஒரு குழந்தை தனியே செய்யக்கூடியதற்கும் அறிந்தவர் துணையுடன் செய்யக்கூடியதற்கும் இடைப்பட்ட பரப்பை, அடிப்படையாகக் கொள்கின்றனர். 1976இல் டேவிட் வுட், ஜெரோம் புரூனர், கெயில் ராஸ் ஆகிய மூவரும், 3 முதல் 5 வயது வரையிலான 30 குழந்தைகள் மரக்கட்டைகளால் பிரமிடு அமைக்கப் பழகியதை ஆராய்ந்து, குழந்தையின் திறன் வளர வளரக் குறைக்கப்படும் இத்தகைய உதவிக்குச் 'சாரம்' என்று பெயரிட்டனர். கட்டடம் எழுந்தபின் பிரிக்கப்படும் சாரமே இங்கு உவமை.

எடுத்துக்காட்டாக, அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டும்போது, தொகுதிகளையும் (மேலுள்ள எண்கள்) பகுதிகளையும் (கீழுள்ளவை) தனித்தனியே கூட்டி, ஐந்தில் இரண்டு என எழுதும் மாணவரிடம், சரியான விடை ஆறில் ஐந்து என்று கூறிவிட்டால் கணக்கு முடிகிறது, பிழை முடிவதில்லை. ஐந்தில் இரண்டு அரையைவிடப் பெரியதா, சிறியதா என்று கேட்டால், அரையோடு மூன்றில் ஒன்றைக் கூட்டிய பின்னும் அரையைவிடக் குறைவான தொகை எப்படி வந்தது என்ற திகைப்பு அவரிடமே எழுகிறது. பகுதிகளைச் சமமாக்கும் முறையைச் சொல்ல அதுவே ஏற்ற தருணம்.

எல்லாக் கேள்விக்கும் இந்த நிதானம் தேவையில்லை. ஒரு நாட்டின் தலைநகரையோ அருஞ்சொல்லின் பொருளையோ கேட்பவரிடம் குறிப்பு கொடுத்துக்கொண்டிருப்பது வீண் பிடிவாதம். அங்கு நேரடி விடையே உதவி.