ஆபாசப் படமும் அதிலுள்ள ஆளும்

(எமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



வாலிபர் கூட்டத்திலே பேசத்தகும் பொருளா இது என்று சிலர் முகஞ் சுளித்தல் கூடும். ஆயின், கைத்தொலைபேசி வைத்திருக்கும் ஒவ்வொருவர் கைக்கும் எட்டிவிட்ட ஒன்றைப் பெரியோர் முன்னிலையிற் பேசாது விடுதல் வெறும் மறைப்பேயாகும் என்பது எமது எண்ணம்.

ஆபாசம் யாது என்னும் வினாவுக்கு இங்கிலாந்தின் நீதிமன்றம் 1868ஆம் ஆண்டிலே ஒரு விடை கூறிற்று. கத்தோலிக்கக் குருமார் பாவசங்கீர்த்தனங் கேட்கும் முறையைக் கண்டித்த சிறு நூலொன்றைப் புரட்டஸ்தாந்தர் ஒருவர் விற்றார். இலாபங் கருதியும் விற்றாரல்லர். (மிஷன் பாடசாலையிற் படித்த எமக்கு அந்தச் சண்டை புதியதன்று!) விற்றவர் நோக்கம் எதுவாயினும் ஆகுக, எளிதிற் கெடக்கூடிய மனத்தினர் கையில் அந்நூல் அகப்பட்டால் அவரை அது கெடுக்குமா என்பதே கேள்வி என்றார் பிரதம நீதியரசர் கொக்பேர்ண். ஹிக்ளின் வழக்கெனப் பெயர்பெற்ற அத்தீர்ப்பின் அளவுகோலை இந்திய உச்ச நீதிமன்றம் 1964இற் கைக்கொண்டு, 2014இலேதான் கைவிட்டது.

1960ஆம் ஆண்டிலே லோறன்ஸ் எழுதிய நாவலொன்றின் மீது இலண்டனிலே வழக்கு நடந்தது. உங்கள் மனைவியரும் வேலைக்காரரும் இதனைப் படிக்க விரும்புவீர்களா என்று அரச தரப்பு வழக்கறிஞர் யூரிமாரைக் கேட்டார். அந்த யூரிமாருள் மூவர் பெண்கள்! பதிப்பகத்தார் குற்றவாளிகளல்லர் என்பதே முடிவாயிற்று.

படிப்பவன் மனம் கெடுமா, கெடாதா? சட்டம் இத்துணைக் காலமும் இதனையே கேட்டு வந்தது. நாவலிலே வருபவள் கற்பனைப் பெண். நிழற்படத்திலோ உயிருள்ள ஒருவர் நிற்கின்றார். அவரைப் பற்றி யார் கேட்டனர்?

பார்ப்பவன் கெடுவானா என்பதிலே அறிஞர் இன்றும் ஒருமைப்படவில்லை. ஐக்கிய அமெரிக்காவிலே 1970ஆம் ஆண்டின் ஆணைக்குழு, இத்தகையவை குற்றச்செயலுக்குக் காரணமாவதற்குச் சான்றில்லை என்றது; 1986ஆம் ஆண்டின் ஆணைக்குழுவோ, வன்முறை கலந்த படங்கள் தீங்கு விளைப்பன என்றது. அவ்விவாதம் எப்படியும் முடிக. சான் டியேகோ நகரிலே நடந்ததற்கு விவாதம் வேண்டியதில்லை. உடையணிந்து படமெடுக்கும் வேலையென விளம்பரஞ் செய்து இளம் பெண்களை வரவழைத்தனர். படம் வெளிநாட்டிலே இறுவட்டாக மட்டும் விற்கப்படும், இணையத்தில் ஒருபோதும் வாராது என வாக்களித்தனர். சில வாரங்களிலே அது இணையமெங்கும் பரவிற்று, பெண்களின் பெயர்களும் வெளியாயின, சுற்றத்தாரும் கண்டனர். வழக்குத் தொடுத்த 22 பெண்களுக்கு ஏறக்குறைய 130 இலட்சம் டொலர் வழங்குமாறு 2020 சனவரியிலே நீதிமன்றந் தீர்ப்பளித்தது.

அவர்கள் கையொப்பமிட்டு இசைந்தவர்களன்றோ என்பார் உளர். பொய் சொல்லிப் பெற்ற கையொப்பத்தினால் ஒரு காணித்துண்டைக்கூட எழுதிக் கொள்ள நம்மவர் விடமாட்டார்களே!

நம் நாட்டின் 1927ஆம் ஆண்டு ஆபாச வெளியீடுகள் கட்டளைச் சட்டம், செய்வதையும் விற்பதையும் பகிரங்கமாகக் காட்டுவதையும் தடுக்கின்றது. பிள்ளைகளை இத்தகைய படங்களுக்குப் பயன்படுத்துவதை 1995ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவைத் திருத்தமே தனிக் குற்றமாக்கிற்று. படத்திலுள்ளவர் பக்கம் சட்டம் திரும்பிப் பார்த்த இடம் அஃது.

எமக்குத் தெரிந்த மாணவர் விடுதியொன்றிலே சென்ற ஆண்டு ஒரு மாணவியின் படம் கைக்குக் கை மாறிற்று. எடுத்தவன் ஒருவன்; அவனை எல்லாரும் வைதனர். வைதவர் பலர் கையிலும் அப்படம் இருந்தது. "நாங்களா எடுத்தோம்? பார்த்தது மட்டுந்தானே" என்றனர். அம்மாணவி அடுத்த தவணைக்குத் திரும்பி வரவில்லை. படம் எத்தனை கைகளுக்குப் போயிற்று என்பதை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. அனுப்பியோருள் ஒருவரேனும் அதனை அழித்ததாகவும் யாம் கேள்விப்படவில்லை.

மணியடித்துவிட்டபடியால் இத்துடன் அமர்கின்றோம்.