ரேடியேட்டர் ஹோஸுக்கு எத்தனை வயசு?

2008-இல் யமஹா ஆர்15 வந்தபிறகு ரேடியேட்டர் வைத்த பைக் நம்ம சேலத்திலும் பெருகிவிட்டது. நாமக்கல்லில் பழைய லாரி டிரைவர்கள் ஹோஸைத் தொட்டுப் பார்த்துத்தான் வண்டி எடுப்பார்கள். நாமோ 'பத்தாயிரம் கிலோமீட்டர்தானே ஓடிச்சு' என்கிறோம். ரப்பருக்கு வயசும் ஒரு கணக்கு! கூலண்டும் உலோகமும் சேர்ந்து சின்ன பேட்டரி மாதிரி வேலை செய்து, கிளாம்ப் பக்கம் உள்ளுக்குள்ளேயே கீறல் விடும். வெளியே பளபளன்னு இருக்கும்.

இன்ஜின் நன்றாக ஆறினதும் ஹோஸின் நுனியையும் நடுவையும் அமுக்கிப் பாருங்கள். நுனி மட்டும் கொழகொழன்னு இருந்தால் உடனே மாற்றுங்கள். நல்லாத் தெரிந்தாலும் நாலு வருஷத்துக்கு மேல் நான் விடுவதில்லை. ஏற்காட்டுக் கொண்டை ஊசி வளைவில் வெடித்தால், கொதிக்கிற கூலண்ட் காலிலும் பின் டயரிலும் கொட்டும். மாற்றும்போது கிளாம்பும் கூலண்டும் புதுசாப் போடுங்க. நம்ம ஊர் போர் தண்ணியை மட்டும் ஊத்திடாதீங்க, உள்ளே உப்பு படிஞ்சுடும்.